முத்துப்பிள்ளை கர்ப்பம்: சுத்தம் செய்து வீட்டுக்கு வந்த பிறகு

முத்துப்பிள்ளை கர்ப்பம் (மோலார் கர்ப்பம்) என்பது, கரு சரியாக உருவாகாமல் நச்சுக்கொடிச் சதை முத்து முத்தான நீர்க்குமிழிகளாக வளர்ந்துவிடுவது. அதற்கான அறுவை சிகிச்சை பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான். மயக்கம் கொடுத்து, கர்ப்பப்பை வாயை விரித்து, சக்‌ஷன் குழாயால் உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். சிக்கல் ஒன்றும் இல்லாவிட்டால் ஓரிரு நாளில் டிஸ்சார்ஜ். "க்ளீன் பண்ணியாச்சு, இனி ஒண்ணுமில்ல" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். இந்த நிம்மதியில்தான் பலர் அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்த நோயைப் பொறுத்தவரை சிகிச்சையின் பெரிய பங்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் இருக்கிறது. வாராவாரம் ஒரு ட்யூப் ரத்தம், அதிலிருந்து ஒரு எண்: கர்ப்ப ஹார்மோனின் அளவு. அந்த எண் ஒழுங்காக இறங்கி அடங்கிவிட்டால் கதை முடிந்தது. இறங்காமல் நின்றாலோ, திரும்ப ஏறினாலோ, கர்ப்பப்பைச் சுவருக்குள் மிச்சமிருக்கும் செல்கள் வளர்கின்றன என்று பொருள். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் மருந்தாலேயே கிட்டத்தட்ட எல்லோரும் குணமாகிவிடுகிறார்கள், கர்ப்பப்பையும் தப்பிவிடுகிறது. விட்டுவிட்டால் நுரையீரல்வரை போகக்கூடும்.

பிரிட்டனில் 1973 முதல் இந்தப் பெண்களைப் பதிவு செய்து தொடர்கிறார்கள். லண்டன் சாரிங் கிராஸ், ஷெஃபீல்ட், டண்டீ என்று மூன்று மையங்கள்; அங்கே பதிவானவருக்கு எந்தத் தேதியில் சாம்பிள் அனுப்ப வேண்டும் என்று மையமே சொல்லிவிடும். அங்கே வாழும் தமிழ்ப் பெண்களுக்கும் அதே வழிதான். நம் ஊரில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் உங்களைத் தேடிக் கூப்பிட ஆள் கிடையாது. தேதியை நினைவில் வைப்பது, ரிப்போர்ட்டைச் சேர்த்து வைப்பது, எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் உங்கள் கையில்தான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பயாப்சி ரிப்போர்ட்

எடுத்த சதை முழுவதும் பயாப்சிக்குப் போக வேண்டும். சிறிய ஆஸ்பத்திரிகளில் அந்த பாட்டிலை வீட்டு ஆட்கள் கையில் கொடுத்து, "லேப்ல குடுத்துட்டு வாங்க" என்று அனுப்புவது உண்டு. பாட்டிலில் ஃபார்மலின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சலைனிலோ தண்ணீரிலோ போட்டு ஒரு ராத்திரி வைத்துவிட்டால் சதை கெட்டுப்போய், ரிப்போர்ட் எதற்கும் உதவாமல் போகும். லேபில் கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: முழு முத்துப்பிள்ளையா, பகுதி முத்துப்பிள்ளையா. 'கம்ப்ளீட் மோல்', 'பார்ஷியல் மோல்' என்று எழுதியிருப்பார்கள். முழு வகையில் தாயின் குரோமோசோம் எதுவும் இல்லாத கருமுட்டைக்குள் விந்தணு நுழைந்து, தந்தையின் குரோமோசோம்கள் மட்டுமே இரட்டித்து 46 ஆகின்றன. பகுதி வகையில் நல்ல முட்டைக்குள் இரண்டு விந்தணு நுழைந்து 69 ஆகிவிடுகிறது. சாப்பிட்ட எதாலும், தூக்கிய எதாலும், போன இடத்தாலும் இது வருவதில்லை. கரு உண்டான அந்த நொடியிலேயே முடிவாகிவிடும் விஷயம். மாமியார் வீட்டில் யாராவது பப்பாளியைச் சொன்னால் இதைக் காட்டுங்கள். கணவரைக் குறை சொல்லவும் இதில் இடமில்லை.

வகை ஏன் முக்கியம் என்றால், சுத்தம் செய்த பிறகும் நோய் தொடரும் வாய்ப்பு முழு வகையில் 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு. பகுதி வகையில் 100 பேரில் 5 பேருக்கும் குறைவு. எவ்வளவு காலம் கண்காணிப்பது என்பதும் இதை வைத்தே. ஆரம்ப வாரங்களில் எடுத்த சதையில் சாதாரண கருச்சிதைவையும் பகுதி முத்துப்பிள்ளையையும் பிரித்துச் சொல்வது பெத்தாலஜி டாக்டருக்கே கடினம். சந்தேகம் இருந்தால் பி57 என்ற சாயப் பரிசோதனையைக் கேட்கலாம். முழு வகையில் அது நெகட்டிவாக வரும். பகுதி வகையா சாதாரணச் சிதைவா என்பதை அந்தச் சாயத்தால் பிரிக்க முடியாது, அதற்குக் குரோமோசோம் பரிசோதனை வேண்டும். சதையை மெழுகில் பதித்து வைக்கும் 'பிளாக்'கை லேப் வைத்திருக்கும். வேறொரு இடத்தில் கருத்துக் கேட்க அதை வாங்கிப்போக முடியும்.

உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடப்பட்டதா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். பயாப்சி வரும்வரை முழு வகையா பகுதி வகையா என்று தெரியாததால் பொதுவாகப் போட்டுவிடுவார்கள். அவசரத்தில் விட்டுப்போகும் ஊசிகளில் இது ஒன்று.

முதல் சில வாரங்கள்

ரத்தப்போக்கு முதல் சில நாள் மாதவிலக்கு போல இருந்து, பிறகு பழுப்பு நிறமாகி, விட்டு விட்டு இரண்டு மூன்று வாரம் வரலாம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போக வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதாக நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நடந்தால் காலைவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, நாற்றமடிக்கும் வெள்ளை, விடாத அடிவயிற்று வலி இவை கிருமித்தொற்றையோ உள்ளே சதை மிச்சமிருப்பதையோ காட்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், திடீரென்று வரும் கடும் தலைவலி, வலிப்பு ஆகிய எதுவானாலும் அன்றே பார்க்க வேண்டியவை. அவசரப் பிரிவில் இருப்பவர்களிடம் முதல் வாக்கியமாக "முத்துப்பிள்ளைக்கு க்ளீன் பண்ணியிருக்கு" என்று சொல்லுங்கள். அது தெரியாமல் பார்க்கும் டாக்டர் வேறு திசையில் போய்விடுவார்.

வாந்தியும் குமட்டலும் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் வீட்டில் யூரின் கார்டு போட்டுப் பார்த்தால் பல வாரங்களுக்கு இரண்டு கோடு வரும். அது புதுக் கர்ப்பமும் அல்ல, சுத்தம் சரியாகச் செய்யவில்லை என்பதும் அல்ல. ஹார்மோன் ரத்தத்திலிருந்து வடிய நேரமாகிறது, அவ்வளவுதான். கார்டு இந்தக் கண்காணிப்புக்கு உதவாது. வாங்கவே வேண்டாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இரண்டு பக்கச் சினைப்பையிலும் நீர்க்கட்டிகள்' என்று பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. கர்ப்ப ஹார்மோன் ஒரு லட்சத்தைத் தாண்டும்போது சினைப்பை வீங்கி உண்டாகும் கட்டிகள் இவை. பெயர் தீக்கா லூட்டின் சிஸ்ட். ஹார்மோன் இறங்க இறங்க இரண்டு முதல் நான்கு மாதத்தில் தானாகச் சுருங்கும். ஆபரேஷன் செய்து எடுக்கத் தேவையில்லை. ஒரே ஒரு ஆபத்து, கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொள்வது. ஒரு பக்கமாகச் சுளீரென்று வலி, கூடவே வாந்தி என்றால் அதுதான், உடனே ஆஸ்பத்திரி. கட்டிகள் கரையும்வரை குதிப்பது, கனமான தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது, வயிற்றில் எண்ணெய் வைத்து அழுத்தி நீவிவிடுவது எதுவும் வேண்டாம். பிரசவமான பெண்ணுக்குச் செய்வதுபோல வயிறு நீவும் பழக்கம் சில வீடுகளில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

கர்ப்ப ஹார்மோன் அதிகமாக இருக்கும்போது அது தைராய்டையும் தூண்டும். படபடப்பு, கை நடுக்கம் என்று ஆஸ்பத்திரியில் தைராய்டைக் குறைக்கும் மாத்திரை ஆரம்பித்திருந்தால், சில வாரங்களில் திரும்ப டெஸ்ட் எடுத்து நிறுத்த வேண்டும். காரணம் போன பிறகும் மாத்திரையைத் தொடர்ந்தால் தைராய்டு குறைந்துவிடும். பிரஷர் மாத்திரைக்கும் இதே கதைதான்.

ரத்தச்சோகை சாதாரணமாக இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்க்காமல், எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் சேமிப்பு நிரம்பும். பத்தியம் எதுவும் இல்லை. 'கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும்' சூரணம், கஷாயம் எதுவும் இந்த எண்ணை இறக்காது. அதை நம்பிப் பரிசோதனை தள்ளிப்போவதுதான் நடக்கும்.

இன்னொரு சின்ன வேலை. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியிருந்தால், உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பம் முடிந்துவிட்டதைச் சொல்லிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'செக்கப்புக்கு வரலையேம்மா' என்று மாதாமாதம் விசாரிப்பு வரும். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்வது எவ்வளவு வலிக்கும் என்பது அதைக் கடந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த எண்

பரிசோதனையின் பெயர் பீட்டா எச்.சி.ஜி. லேபில் கேட்கும்போது "அளவு சொல்ற டெஸ்ட், ரத்தத்துல" என்று தெளிவாகக் கேளுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் வருவது போதாது. வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரத்திலும் கொடுக்கலாம்.

சுத்தம் செய்த 48 மணி நேரத்துக்குள் ஒன்று எடுப்பார்கள். அதன்பின் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில். எண் நார்மலுக்கு வந்து தொடர்ந்து மூன்று வாரம் நார்மலாகவே இருக்கும்வரை இப்படி. பெரும்பாலான லேப்களில் 5-க்குக் கீழே என்பது நார்மல். அதன்பின் மாதம் ஒருமுறை.

ஒரு மாதிரிக்கு: சுத்தம் செய்வதற்கு முன் 1,60,000 இருந்தவருக்கு இரண்டு நாள் கழித்து 45,000, முதல் வாரம் 4,800, அடுத்து 610, 140, 52, 24, 13, 7, எட்டாவது வாரம் 3 என்று வந்தால் அது அழகான இறக்கம். முதலில் ஆயிரக்கணக்கில் சரிந்து, கடைசியில் 24-லிருந்து 13, 13-லிருந்து 7 என்று ஊர்வதைப் பார்த்து "நின்னுடுச்சோ" என்று பயப்படுவார்கள். எவ்வளவு குறைந்தது என்று கழித்துப் பார்க்காதீர்கள். போன வார எண்ணில் எத்தனை பங்கு குறைந்தது என்று பாருங்கள். 24-லிருந்து 13 என்பது கிட்டத்தட்ட பாதி. நல்ல இறக்கம்தான். முழு வகையில் நார்மலுக்கு வர சராசரியாக 9 வாரம், பகுதி வகையில் 7 வாரம் ஆகும். சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும்.

ரிப்போர்ட்டின் அடியில் '3-4 வாரம்: இவ்வளவு, 5-6 வாரம்: இவ்வளவு' என்று ஒரு பட்டியல் அச்சாகியிருக்கும். அது கர்ப்பிணிகளுக்கானது. உங்கள் எண்ணை அதோடு ஒப்பிட்டு, "நான் இன்னும் 5 வாரக் கர்ப்பமா" என்று குழம்ப வேண்டாம். பட்டியலை மடித்துவிட்டு மேலே இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

ஒரே லேபில் எடுப்பது மிக முக்கியம். ஒவ்வொரு மெஷினும் இந்த ஹார்மோனின் துண்டுகளை வெவ்வேறு விதமாக அளக்கும். ஒரு லேபில் 30 காட்டும் ரத்தம் இன்னொன்றில் 40 காட்டலாம். போன வாரம் அங்கே 32, இந்த வாரம் இங்கே 40 என்றால் ஏறியதுபோலத் தெரிந்து, தேவையில்லாத பயமும் செலவும். சுத்தம் செய்த பிறகு தாய் வீட்டுக்குப் போகும் வழக்கம் நமக்கு உண்டு. அங்கே போவதானால் அதே லேபின் கிளை இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். இல்லையென்றால் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் பரிசோதனை முறையின் பெயரைக் காட்டி, அதே முறையில் செய்யும் லேபைக் கண்டுபிடியுங்கள்.

எண்ணின் இடத்தில் '10,000-க்கு மேல்' என்று மட்டும் போட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள். சாம்பிளை நீர்த்து மறுபடி ஓட்டினால் சரியான எண் கிடைக்கும், கேட்டால் செய்வார்கள். வாரம் ஒரு '10,000-க்கு மேல்' வந்தால் இறங்குகிறதா ஏறுகிறதா என்று எப்படித் தெரியும்? அளவு மிக மிக அதிகமாக இருக்கும்போது சில முறைகளில் மெஷினே திணறி, உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடுவதும் உண்டு. அதற்கும் நீர்த்துப் பார்ப்பதே மருந்து.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடமும் லேபிலும் சொல்லுங்கள். அதிக டோஸ் பயோட்டின் சில மெஷின்களில் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இருக்கும் நோய் மறைந்துவிடும் என்பதால் இது விளையாட்டில்லை. பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துவது நல்லது. கண்காணிப்பு முடியும்வரை எடுக்காமலே இருப்பது அதைவிட நல்லது.

இதற்கு நேர்மாறான பொய்யும் உண்டு. உடம்பில் ஹார்மோனே இல்லாமல், ரத்தத்தில் இருக்கும் சில ஆன்டிபாடிகள் மெஷினை ஏமாற்றி, 20, 40 என்று சிறிய எண்ணை மாதக்கணக்கில் காட்டும். அந்த ஆன்டிபாடி சிறுநீரில் வராது. ரத்தத்தில் பாசிட்டிவ், அதே நாள் சிறுநீரில் நெகட்டிவ் என்றால் சந்தேகப்பட வேண்டும். வேறு முறையில் செய்யும் லேபில் ஒருமுறை பார்த்தால் தெளிவாகிவிடும். இந்தச் சின்ன சோதனை செய்யாமல் கீமோவோ கர்ப்பப்பை அகற்றமோ ஆரம்பிக்கக் கூடாது.

எல்லா எண்ணையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்: தேதி, லேப், எண், அன்று ரத்தப்போக்கு இருந்ததா. சில ரிப்போர்ட்டுகள் தெர்மல் பேப்பரில் வரும், ஆறு மாதத்தில் எழுத்து மங்கிவிடும். அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். வரிசையாக எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டினால் எந்த டாக்டருக்கும் ஒரு நிமிடத்தில் நிலைமை புரியும்.

எப்போது நிறுத்துவது என்பதில் வழிகாட்டிகள் வேறுபடுகின்றன. உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ சொல்வது: பகுதி வகை என்றால் நார்மலான பிறகு ஒரு மாதம் கழித்து இன்னொரு நார்மல் போதும், முழு வகை என்றால் நார்மலான பிறகு மூன்று மாதம், மாதம் ஒன்று. பிரிட்டன் வழிகாட்டி முழு வகைக்கு 56 நாளை எல்லையாக வைக்கிறது. 56 நாளுக்குள் நார்மலானால் சுத்தம் செய்த நாளிலிருந்து ஆறு மாதம். தாண்டினால் நார்மலான நாளிலிருந்து ஆறு மாதம். நம் ஊரில் பலர் ஆறு மாதம் என்கிறார்கள், பழைய வழக்கப்படி ஒரு வருடம் என்பவர்களும் உண்டு. பிள்ளைக்காகக் காத்திருக்கும் 38 வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. "எந்தத் தேதியில முடியும் டாக்டர்?" என்று கேட்டு ஃபைலில் எழுதி வாங்குங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நாற்பதைத் தாண்டி, குழந்தைகள் போதும் என்ற சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுத்திருப்பார்கள். அவர்களுக்கும் கண்காணிப்பு உண்டு. செல்கள் ஏற்கெனவே ரத்தத்தில் வெளியேறியிருக்கலாம். "பையே இல்ல, இனி என்ன டெஸ்ட்" என்று விடக் கூடாது.

இடையில் கர்ப்பம் வேண்டாம்

புதுக் கர்ப்பமும் இதே ஹார்மோனைத்தான் ஏற்றும். எண் ஏறினால் நோயா குழந்தையா என்று தெரியாமல் போகும். கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மாத்திரை எடுக்கலாம். கருத்தடை மாத்திரையால் எண் இறங்கத் தாமதமாகும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது ஃபிகோவும் பிரிட்டன் வழிகாட்டியும் அது பாதுகாப்பானது என்கின்றன. ஆணுறை என்றால் ஒவ்வொரு முறையும், ஆரம்பத்திலிருந்தே. காப்பர்-டி மட்டும் எண் நார்மலாகும்வரை போடக் கூடாது. நோய் இருந்தால் கர்ப்பப்பைச் சுவர் மெலிந்திருக்கும், ஓட்டை விழலாம், ரத்தப்போக்கும் கூடும். அரசு ஆஸ்பத்திரிகளில் போடும் அந்தரா கருத்தடை ஊசி வேலை செய்யும், ஆனால் அதனால் வரும் ஒழுங்கற்ற ரத்தக்கசிவு நோயின் அறிகுறியோடு குழம்பும். டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். நாள் கணக்கு பார்ப்பது இந்த மாதங்களில் பலிக்காது. மாதவிலக்கே எப்போது வரும் என்று தெரியாதபோது எந்த நாளை எண்ணுவது?

மீறிக் கர்ப்பமாகிவிட்டால் மறைக்காதீர்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கலைக்கவும் கூடாது. சீக்கிரம் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். எண் நார்மலான பிறகு உண்டான கர்ப்பங்களில் பெரும்பாலானவை நல்லபடியாகவே போகின்றன.

எண் இறங்காவிட்டால்

ஒரே ஒரு எண்ணை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. ஃபிகோவின் அளவுகோல்: மூன்று வார காலத்தில் வாரம் ஒன்றாக எடுத்த நான்கு எண்கள் பத்து சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் நின்றால் தேக்கம். 412, 398, 420, 405 என்பதுபோல. இரண்டு வாரத்தில் எடுத்த மூன்று எண்கள் ஒவ்வொன்றும் பத்து சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் ஏற்றம். 120, 138, 165 என்பதுபோல. இதற்காகத்தான் வாரம் தவறக் கூடாது என்கிறேன். நடுவில் ஒரு வாரம் விட்டால் தேக்கத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வாரம் தள்ளிப்போகும்.

அளவுகோலைத் தொட்டால் ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி, மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து ஒரு ஸ்கோர் போடுவார்கள். வயது, எண்ணின் அளவு, கர்ப்பம் முடிந்து எத்தனை மாதம், கட்டியின் அளவு, எங்கே பரவியிருக்கிறது என்றெல்லாம் சேர்த்து வரும் ஸ்கோர் அது. 6 வரை குறைந்த ஆபத்து; 7 முதல் அதிக ஆபத்து.

"பயாப்சி எடுக்காமலே எப்படி கீமோ?" என்று குடும்பத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த நோய்க்கு எண்ணே போதுமான சாட்சி. இந்தச் சதை ரத்தக் குழாய்கள் நிறைந்தது. பிறப்புறுப்பில் ஊதா நிற முடிச்சு தெரிந்தால்கூட அதைக் கிள்ளிப் பார்க்கக் கூடாது, ரத்தம் நிற்காமல் போகும். நோய் கர்ப்பப்பைக்குள் மட்டும் இருந்து எண் 5,000-க்குக் கீழே இருந்தால், சிலருக்கு இரண்டாவது முறை சுத்தம் செய்வதே போதுமாகலாம். ஆனால் அந்த முடிவை இந்த நோயைப் பார்த்துப் பழகியவர்தான் எடுக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சுரண்டுவது கர்ப்பப்பையை ஓட்டையாக்கவோ உள்சுவர்களை ஒட்டவைக்கவோ செய்யும்.

குறைந்த ஆபத்துக்குப் பரவலான முறை மெத்தோட்ரெக்ஸேட்: 1, 3, 5, 7-ஆம் நாள் 50 மில்லிகிராம் ஊசி, 2, 4, 6, 8-ஆம் நாள் ஃபோலினிக் ஆசிட் 15 மில்லிகிராம் மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதே சுற்று. எண் நார்மலான பிறகும் ஆறு வாரம்போல தொடர்வார்கள். ஃபோலினிக் ஆசிடும், கர்ப்பத்தின்போது கொடுத்த ஃபோலிக் ஆசிடும் வெவ்வேறு மாத்திரைகள். மெடிக்கலில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் ஆபத்து, அட்டையைப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஃபோலிக் ஆசிடை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இந்த மருந்தை உடம்பில் தேக்கும், பாராசிட்டமாலோடு நிறுத்துங்கள். வாய்ப்புண், கண் எரிச்சல் வரும். உப்பு வெந்நீரில் அடிக்கடி கொப்பளிப்பதும், காரத்தைக் குறைப்பதும், வெயிலில் முகத்தை மூடிக்கொள்வதும் உதவும். முடி பொதுவாகக் கொட்டாது. எண் இந்த மருந்துக்கு மசியாவிட்டால் ஆக்டினோமைசின்-டி, அதற்கு மேல் பல மருந்துகள் சேர்ந்த சிகிச்சை. கடைசியதில் முடி கொட்டி, பிறகு வளரும். குறைந்த ஆபத்தில் குணமாகும் விகிதம் 100 சதவீதத்தைத் தொடுகிறது. கீமோ என்ற சொல்லைக் கேட்டதும் மற்ற புற்றுநோய்களின் பயத்தை இதன்மேல் ஏற்றிவிடாதீர்கள். செலவு கவலை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரியுங்கள்.

கீமோ முடிந்தவர்கள் ஒரு வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

அடுத்த கர்ப்பம்

"அடுத்த மாசமே நல்ல செய்தி வரும்" என்பவர்களுக்கு, டாக்டர் சொன்ன தேதியை மட்டும் பதிலாகச் சொல்லுங்கள். குழந்தை உருவாகவே இல்லை என்றாலும் நீங்கள் இழந்தது ஒரு கர்ப்பத்தை. அழுகை வந்தால் அழுங்கள். வாராவாரம் லேபுக்குப் போகும்போது அந்த இழப்பு திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது இந்த நோய்க்கே உரிய வேதனை. முடிந்தால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட்டை அவர் முதலில் பார்க்கட்டும். தூக்கம், பசி வாரக்கணக்கில் இல்லாமல் போனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மறுபடி முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு சுமார் 100-ல் ஒன்று. 99 பேருக்கு வராது. இரண்டு முறை வந்தவர்களுக்கு அது 100-ல் 15 முதல் 20 ஆகிறது. அவர்களும், அக்கா தங்கைக்கும் வந்திருப்பவர்களும் என்.எல்.ஆர்.பி.7, கே.எச்.டி.சி.3.எல் என்ற மரபணுக்களின் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். அந்த மாற்றம் இருந்தால் பிரச்சினை முட்டையிலேயே இருக்கிறது, ஐ.வி.எஃப். செய்தாலும் சொந்த முட்டையில் அதுவே திரும்பும், தான முட்டையில் நல்ல குழந்தை பிறக்க வாய்ப்பு உண்டு.

அடுத்த முறை நாள் தள்ளிப்போனதும் 6 முதல் 8 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் செய்து, பையும் இதயத் துடிப்பும் பாருங்கள். பழைய ஃபைலை புது டாக்டரிடம் முதல் நாளே கொடுங்கள். ஸ்கேன் நன்றாக இருந்தால் மீதி மாதங்களும் மற்றவர்களுக்குப் போலத்தான். பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரம் ஒருமுறை பீட்டா எச்.சி.ஜி. பார்க்கப் பல டாக்டர்கள் எழுதித் தருவார்கள், முன்பு கீமோ எடுத்தவர்களுக்கு முக்கியமாக. குழந்தைக்கு அதே ஆறாவது வாரத்தில் தடுப்பூசி இருக்கும். அன்றே உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வரலாம்.